பேஸ்பால் நட்சத்திரம் விலகுவதைப் பற்றி எப்போது யோசிக்க வேண்டும்?

இரவு ஷிப்ட் எழுதுகிறார்:

அனைவருக்கும் வணக்கம். இங்கே மலேசியாவில், கூலிம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு, ஜப்பானிய மேற்பார்வையாளர்களின் புண்ணியத்தில், பேஸ்பால் பைத்தியம் தொற்றிக்கொண்டிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கோடைகாலத்தில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலை ஏழு மணிக்கு வருகிறது. ஷிப்டை முடித்துவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் பாடாங் செராய்க்குத் திரும்புவதற்குள் முதல் இரண்டு இன்னிங்ஸைக் கைப்பேசியில் பார்த்துவிடலாம். அந்தப் பேருந்தில் சில வாரங்களாக ஓயாமல் நடக்கும் வாக்குவாதத்தை, தூக்கக் கலக்கம் இல்லாதவர்களும் கலந்துகொள்ளட்டும் என்று இங்கே கொண்டுவந்து வைக்கிறேன்.

ஒரு காலத்தில் எதிரணிகளை நடுங்கவைத்த ஆட்டக்காரர் ஒருவர் நாற்பதைத் தொட்டுவிட்டார். இப்போது பெயருக்காகத்தான் அணியில் இருக்கிறார் என்ற பேச்சு எழுகிறது. அவர் தாமாகவே விலகிக்கொள்ள வேண்டுமா, அல்லது ஒப்பந்தம் முடியும்வரை ஆடிவிட்டுப் போகலாமா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. பாஸ்டன் அணியின் டேவிட் ஓர்ட்டிஸ் 2016-இல் நாற்பது வயதில் 38 ஹோம்ரன்களும் (பந்தைத் திடலின் எல்லைக்கு வெளியே பறக்கவிடும் அடி) .315 சராசரியும் (ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 315 ஹிட், அதாவது அடித்துவிட்டு ஓடிப் பேஸைச் சேர்ந்துவிடும் அடி) எடுத்து, இன்னும் ஓரிரு ஆண்டுகள் ஆடக்கூடாதா என்று ரசிகர்கள் ஏங்கிக்கொண்டிருந்தபோது, முன்பே அறிவித்தபடி விலகினார். நியூயார்க் யாங்கீஸ் அணியின் டெரெக் ஜீட்டர் 2014-இல் அதே நாற்பது வயதில் .256 சராசரியோடு தடுமாறியபோதும், மட்டை பிடிக்கும் வரிசையில் நல்ல மட்டையாளர்களுக்கான இரண்டாம் இடத்திலேயே பெரும்பாலும் இறங்கிக்கொண்டிருந்தார். ஓர்ட்டிஸைப் பட்டியலில் எழுத அவருடைய ஆட்டமே போதுமானதாக இருந்தது. ஜீட்டரை அந்த இடத்தில் எழுத அவருடைய பெயர் தேவைப்பட்டது. ஆட்டத்தைத் தவிர வேறொரு காரணம் தேவைப்படுகிற நாளிலேயே ஆட்டக்காரர் விலகுவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட வேண்டும் என்பது என் எண்ணம். பேருந்தில் பாதிப் பேர் இதை ஏற்கவில்லை.

பழைய கிராணி எழுதுகிறார்:

தம்பி, உங்கள் கேள்வியில் பணம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், காணவில்லை. தோட்ட அலுவலகத்தில் காலமெல்லாம் சம்பளப் பட்டியல் எழுதியவன் என்பதால் என் கண் அங்கேதான் முதலில் போகும்.

அமெரிக்கப் பெரிய லீக்கில் ஒப்பந்தத் தொகைக்கு உத்தரவாதம் உண்டு. ஆட்டக்காரர் மோசமாக ஆடினாலும், காயம்பட்டுப் படுத்துக்கொண்டாலும், அணியே அவரை வேண்டாமென்று நீக்கினாலும், எழுதிக் கொடுத்த தொகையைக் கொடுத்தே தீர வேண்டும். ஆனால் அவராகவே முன்வந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தால், ஆடாத ஆண்டுகளுக்கான மீதித் தொகையை அவர் கேட்க முடியாது. நமக்கு 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது அறுபது என்று சட்டம் கோடு போட்டிருக்கிறது. அவர்களுக்கு அப்படி யாரும் கோடு போடவில்லை. கோடு இல்லாத இடத்தில், கோடிக்கணக்கான டாலரை விட்டுவிட்டு மானத்தோடு எழுந்து போ என்று இங்கே தேநீர் குடித்துக்கொண்டு நாம் சொல்வது எவ்வளவு நியாயம்?

ஆல்பர்ட் பூஹோல்ஸ் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். செயின்ட் லூயிஸ் அணிக்கு 2001 முதல் 2011 வரை ஆடி, மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்று, இரண்டு முறை சாம்பியன் பட்டத்துக்கான உலகத் தொடரை வெல்லவும் துணை நின்றார். அதன் பிறகுதான், வயது முப்பத்திரண்டை எட்டப்போகும் நேரத்தில், ஏஞ்சல்ஸ் அணி அவருக்குப் பத்து ஆண்டுகளுக்கு 240 மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்தது. அந்த லீக்கில் ஓர் ஆட்டக்காரர் ஆறு ஆண்டுச் சேவையை முடிக்கும்வரை விரும்பிய அணிக்குப் போக முடியாது. முதல் மூன்று ஆண்டுகளில் பெரும்பாலானோர் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே வாங்குகிறார்கள். உடம்பு நன்றாக உழைக்கும் காலத்தில் குறைத்துக் கொடுத்ததைப் பிற்காலத்தில் கூட்டிக் கொடுப்பதுதான் இந்த ஏற்பாடு. ஆகவே முப்பத்தெட்டாம் வயதில் அவர் வாங்கும் தொகை பழைய பாக்கி என்றே நான் பதிவு செய்வேன். பாக்கியை வசூலிக்க வந்தவரைப் பார்த்து, நீ ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்பது எந்தக் கணக்கிலும் சேராது.

சாஃப்ட்பால் டீச்சர் எழுதுகிறார்:

பணத்தைக் கிராணி ஐயா பார்த்துக்கொண்டார்; நான் கண்ணையும் மணிக்கட்டையும் பார்க்கிறேன். பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் சொல்லிக் கொடுப்பவள் என்பதால் மட்டையாளர் நிற்கும் பெட்டிக்குள் நடப்பது எனக்குப் பழக்கம்.

பேஸ்பாலில் பந்து எறியும் பலகைக்கும் மட்டையாளரின் தட்டுக்கும் இடையே உள்ள தூரம் 18.44 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து அந்தத் தூரத்தை ஏறத்தாழ 0.4 விநாடியில் கடந்துவிடுகிறது. அதற்குள் பந்தைக் கண்டுகொண்டு, அது எந்த வகைப் பந்து என்று தீர்மானித்து, மட்டையை வீசி முடிக்க வேண்டும். வயதான மட்டையாளரின் வீழ்ச்சி இந்த இடத்தில் எப்படித் தொடங்குகிறது என்பதைக் கவனித்தால் அழகாகவும் இருக்கும், வருத்தமாகவும் இருக்கும். வலக்கை மட்டையாளர் என்று வைத்துக்கொள்வோம். முன்பு நடுத்திடலுக்கு நேராகப் பறந்த வேகப்பந்துகள் இப்போது வலப்பக்கக் கோட்டுக்கு வெளியே ஃபவுலாக விழத் தொடங்கும். மட்டை இம்மி அளவு தாமதமாக வருகிறது என்பதற்கு அது அடையாளம். அவர் அறிவாளி; தாமதத்தைத் தாமே உணர்ந்து, பந்து கையைவிட்டுக் கிளம்பும் முன்பே உடலின் பாரத்தை முன்காலுக்கு மாற்றத் தொடங்குவார். சில வாரங்களுக்கு வேகப்பந்தை மறுபடியும் நொறுக்குவார். பத்திரிகைகள் அவர் மீண்டுவிட்டதாக எழுதும். ஆனால் முன்கூட்டியே கிளம்பிவிட்ட உடலால் மெதுவான பந்துக்காகக் காத்திருக்க முடியாது. எதிரணிப் பந்தெறிபவர் வேகத்தைக் குறைத்து ஒன்றை எறிந்தால், முன்முழங்கால் மடங்கி, மேல்கை மட்டையைவிட்டு நழுவி, ஒற்றைக் கையால் காற்றைத் துழாவுவார். இந்தச் செய்தி ஒரு தொடருக்குள் மற்ற அணிகளுக்கெல்லாம் போய்விடும். அதன் பிறகு அவருக்கு வேகப்பந்து வேண்டிய இடத்தில் மெதுவான பந்தும், மெதுவான பந்து வேண்டிய இடத்தில் வேகப்பந்துமே கிடைக்கும்.

சராசரி சரிவதற்கு வெகு முன்பே இது ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. யோசிக்கத் தொடங்க வேண்டிய நேரம் அதுதான். மற்றவர்கள் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பந்து தடுப்பதில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். வில்லி மேஸ் 1973-இல் மெட்ஸ் அணிக்காக .211 சராசரியோடு ஆடி, 42 வயதில் உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில், ஓக்லாந்தில், கண்ணைக் கூசிய வெயிலில் ஒரு பந்தைத் துரத்தித் தடுமாறி விழுந்தார். நடுத்திடலில் அவரைப் போல ஓடிப் பிடித்தவர் இல்லை என்று சொல்லப்பட்டவர் அவர். நட்சத்திரங்கள் காலம் கடந்து ஆடக்கூடாது என்று சொல்ல விரும்பும் எல்லாரும் அந்த ஒரு விழுதலையே எடுத்துக்காட்டுவார்கள். அதே ஆட்டத்தில், பன்னிரண்டாம் இன்னிங்ஸில், மெட்ஸை முன்னிலைக்குக் கொண்டுபோன ஹிட்டை அடித்தவரும் மேஸ்தான் என்பதைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. எனக்கு இது எப்போதும் உறுத்தும்.

எண்கணக்கன் எழுதுகிறார்:

டீச்சர் சொன்ன உடல் கணக்கை மதிக்கிறேன். ஆனால் ஒரு மோசமான பருவத்தை வைத்து எவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது என்பதற்கு எண்களே சாட்சி.

பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ் 1959-இல் கழுத்துக் காயத்தோடு ஆடி .254 சராசரிக்கு இறங்கினார். அதுவரை எந்தப் பருவத்திலும் .300-க்குக் கீழே போகாதவர். எல்லாரும் முடிந்துவிட்டது என்றார்கள். அவர் தம் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுமாறு அணியிடம் தாமே சொல்லி, மறு ஆண்டு வந்து, 42 வயதை எட்டிய அந்தப் பருவத்தில் .316 சராசரியும் 29 ஹோம்ரன்களும் எடுத்தார். 1960 செப்டம்பர் 28 அன்று பாஸ்டனில் தம் கடைசி வீச்சில் ஹோம்ரன் அடித்துவிட்டு, நியூயார்க்கில் மீதமிருந்த ஆட்டங்களுக்குப் போகாமலேயே முடித்துக்கொண்டார். 1959-இல் விலகியிருந்தால் இது எதுவுமே இல்லை.

கிராணி ஐயா சொன்ன பூஹோல்ஸின் மறுபாதி இன்னும் வியப்பானது. 2021 மே மாதத்தில் .198 சராசரியில் இருந்தவரை ஏஞ்சல்ஸ் அணி நீக்கியது. 2022-இல் பழைய செயின்ட் லூயிஸ் அணிக்குத் திரும்பியவர், பருவத்தின் முதல் பாதியில் ஆறே ஹோம்ரன்கள் அடித்தார். இரண்டாம் பாதியில் பதினெட்டு. செப்டம்பர் 23 அன்று எழுநூறாவது ஹோம்ரனை அடித்து, 703-இல் நிறுத்தினார். ஜூலையில் இந்த இழையைத் தொடங்கியிருந்தால், அவர் உடனே விலக வேண்டும் என்று நாமெல்லாரும் கையெழுத்துப் போட்டிருப்போம்.

என் கணக்கு இப்படி: காயம் என்ற காரணம் இல்லாமல் இரண்டு பருவங்கள் தொடர்ந்து சரிந்தால் யோசிக்கலாம். அதற்கு முன் அவசரம் வேண்டாம்.

சாஃப்ட்பால் டீச்சர் எழுதுகிறார்:

தம்பி, பூஹோல்ஸ் கணக்கில் ஒரு பத்தியை விட்டுவிட்டீர்கள். 2022-இல் அவர் எல்லா நாளும் ஆடவில்லை. பெரும்பாலும் இடக்கையால் எறிபவர்கள் வரும் நாளில் அவரை இறக்கினார்கள். வலக்கையாளர்கள் வரும் பல நாட்களில் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலக்கை மட்டையாளருக்கு இடக்கைப் பந்து கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்பது எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். போதாததற்கு, அந்த ஆண்டிலிருந்துதான், பெரிய லீக்கின் இரு பிரிவுகளில் செயின்ட் லூயிஸ் ஆடும் நேஷனல் லீக்கிலும் தடுப்பாட்டம் ஆடாமல் மட்டை மட்டும் பிடிக்கும் இடம் நிரந்தரமாக வந்தது. எழுநூறைத் தொட்டவர் என்ற பெருமை அவருக்குரியது. ஆனால் அவரை எப்போது இறக்க வேண்டும் என்று கணித்தவர்களுக்கும், அதற்குச் சரியென்று தலையாட்டிய அவருடைய மனத்துக்கும் அதில் பங்கு உண்டு. நாள்தோறும் ஆடியே தீருவேன் என்று அவர் அடம்பிடித்திருந்தால் 703 வந்திருக்காது.

செம்பனை மண்டோர் எழுதுகிறார்:

எனக்கு பேஸ்பால் மகன் சொல்லித்தான் தெரியும். ஆனால் டீச்சர் கடைசியாகச் சொன்ன விஷயம், தோட்டத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் எங்கள் மண்டோர் வேலையில் நாள்தோறும் நடப்பது என்பதால் எழுதுகிறேன்.

செம்பனைக் குலை அரிபவர்களில் கைதேர்ந்த ஆளுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டால், பழைய நிரையில் உயர்ந்த மரத்துக்குக் கீழே நின்று, நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து தூக்கி இழுக்கும்போது தோள் சொன்னபடி கேட்காது. குலை பழுத்தது எது, காய் எது என்று தரையில் விழுந்த உதிரிப்பழத்தைப் பார்த்தே சொல்லிவிடும் கண் மட்டும் அவருக்கு இன்னும் இளைஞரைவிடக் கூர்மையாக இருக்கும். அவரை வீட்டுக்குப் போகச் சொல்வது மடத்தனம். மறுநடவு செய்த குட்டை மரங்கள் உள்ள நிரையைக் கொடுத்தால் நன்றாகவே வெட்டுவார். பெரியவர், பழைய ஆள், கேட்டால் மனம் நோகும் என்று உயர்ந்த மரங்களையே தொடர்ந்து கொடுத்தால், குலைகள் அளவுக்கு மிஞ்சிப் பழுத்து மரத்திலேயே உதிரும். டன் கணக்கில் கூலி வாங்கும் கூட்டாளிகள் எல்லாருக்கும் நட்டம். அப்போது குற்றம் அந்தப் பெரியவர்மேல் அன்று. காலையில் பெரட்டில், ஆட்களைக் கூட்டி வேலைக்கு அனுப்பும்போது, நிரை பிரித்துக் கொடுத்த என்மேல்.

அதனால் நீங்கள் எல்லாரும் கேள்வியைத் தவறான ஆளிடம் கேட்டுக்கொண்டிருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஜீட்டரை இரண்டாம் இடத்தில் எழுதியவர் ஜீட்டர் அல்லர், அணி மேலாளர். மகன் இன்னொரு கதையும் சொன்னான். சின்சினாட்டி அணியில் பீட் ரோஸ் என்பவர் ஒரே நேரத்தில் ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் இருந்திருக்கிறார். ஆட்டப்பட்டியலில் தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டு, 1985 செப்டம்பர் 11 அன்று 4,192-ஆவது ஹிட்டை அடித்து டை காப்பின் பழைய சாதனையைக் கடந்தார்; மறு ஆண்டு .219 சராசரிக்கு இறங்கிய பிறகே ஆட்டத்தை நிறுத்தினார். மண்டோரும் அவரே, அரிவாள் பிடிப்பவரும் அவரே என்றால், நிரை மாற்றிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

பழைய கிராணி எழுதுகிறார்:

மண்டோர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்றாலும், தோட்டத்தில் குலை அரிவதைப் பார்க்க யாரும் சீட்டு வாங்கிக்கொண்டு வருவதில்லை. பேஸ்பால் திடலுக்கு வருபவர்களில் பலர் அந்த ஒரு மனிதரைப் பார்க்கத்தான் குடும்பத்தோடு வருகிறார்கள். டெட்ராய்ட் அணியின் மிகெல் கப்ரேரா 2021 ஆகஸ்டில் ஐந்நூறாவது ஹோம்ரனையும் 2022 ஏப்ரலில் மூவாயிரமாவது ஹிட்டையும் அடித்தபோது, அவர் தம் உச்சத்தைத் தாண்டி வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த நாட்களில் திடலில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பணம் வீணாயிற்று என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். வெற்றி தோல்விக் கணக்கு மட்டுமே ஆட்டம் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றால் நான் என்ன சொல்வது.

இரவு ஷிப்ட் எழுதுகிறார்:

ஐயா, ரசிகர்களின் மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. அதற்காகத்தான் எங்கள் தொழிற்சாலைப் பேருந்தில் எப்போதும் மேற்கோள் காட்டப்படும் இச்சிரோ சுசுகியின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இச்சிரோ ஜப்பானில் 1,278 ஹிட்டுகள் அடித்துவிட்டு, 2001-இல் இருபத்தேழு வயதில் சியாட்டில் அணிக்கு வந்தவர். பத்து ஆண்டுகள் தொடர்ந்து, ஆண்டுக்கு இருநூறுக்குக் குறையாமல் ஹிட் அடித்தார். 2004-இல் மட்டும் 262. ஜார்ஜ் சிஸ்லர் 1920-இல் வைத்த 257 என்ற சாதனை எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து அவர் கையால் உடைந்தது. 2011-இல் 184-க்கும் .272 சராசரிக்கும் இறங்கியபோது வயது முப்பத்தேழு. எண்கணக்கனின் கட்சிக்கு இங்கேயும் வலு உண்டு: மறு ஆண்டு ஜூலையில் யாங்கீஸுக்கு மாற்றப்பட்டபின் மீதிப் பருவத்தில் .322 அடித்தார், 2016-இல், நாற்பத்திரண்டாம் வயதில், மயாமி அணிக்கு மூன்று பேர் தடுக்கும் வெளித்திடலுக்கு மாற்றாளாக, நான்காம் அவுட்ஃபீல்டராக இருந்துகொண்டே .291 எடுத்து, மூவாயிரம் ஹிட்டையும் கடந்தார். மண்டோர் அண்ணன் சொன்ன நிரை மாற்றம் அவருக்கும் நடந்திருக்கிறது. முணுமுணுப்பு இல்லாமல் ஏற்றுக்கொண்டார்.

2018-இல் சியாட்டிலுக்குத் திரும்பியபோதுதான் சிக்கல். பதினைந்து ஆட்டங்களில் .205. அந்த மே மாதத் தொடக்கத்தில் அணி அவரை நீக்கவும் இல்லை, ஆடவிடவும் இல்லை. அணி நிர்வாகத்தின் தலைவருக்குச் சிறப்பு உதவியாளர் என்ற பொறுப்பைக் கொடுத்து, சீருடையோடு பயிற்சியில் இருக்க வைத்தது. அவரோ ஐம்பது வயதுவரை ஆட விரும்புவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். மறு ஆண்டு பருவத் தொடக்கத்தின் இரண்டு ஆட்டங்கள் டோக்கியோவில் நடந்தன. வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆட்களை வைத்துக்கொள்ள அந்தத் தொடருக்கு அனுமதி இருந்ததால் அவர் பெயரும் பட்டியலில் வந்தது. ஐந்து முறை மட்டை வீசி ஒரு ஹிட்டும் இல்லை. 2019 மார்ச் 21 அன்று எட்டாம் இன்னிங்ஸில் திடலைவிட்டு நடந்து வந்தார். அன்றிரவே விலகலை அறிவித்தார். வயது நாற்பத்தைந்து.

இதைத்தான் ஆட்டத்தைத் தவிர வேறு காரணம் என்று முதலில் சொன்னேன். டோக்கியோவில் அவரை இறக்கியதற்குக் காரணம் ஆட்டம் அன்று. ஆனால் அதை அணியும் மறைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை, பார்த்தவர்களும் ஏமாறவில்லை. இரண்டு நாள் விழாவாக வைத்து முடித்தார்கள். அதே விழாவை ஒரு பருவத்தின் நூற்று அறுபத்திரண்டு ஆட்டங்களுக்கும் இழுத்தால், கீழ்நிலையான மைனர் லீக்கில் காத்திருக்கும் ஓர் இளைஞனின் பருவம் அதில் கரைந்துபோகும். அணியில் இருப்பது இருபத்தாறே இடங்கள் என்பதை ரசிகர் மறந்தாலும் அணி மறக்கலாகாது.

தாதி எழுதுகிறார்:

எல்லாரும் திறமை குறைவதைப் பற்றியே பேசுகிறீர்கள். உடல்நலம் வேறு கணக்கு. அதில் இரண்டு பருவங்கள் பொறுத்திருங்கள் என்ற யோசனைக்கு இடமே இல்லை.

பந்தெறிபவரான சாண்டி கூஃபாக்ஸ் 1966-இல் 27 வெற்றிகளும், ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.73 ரன்களே விட்டுக்கொடுத்த சராசரியுமாக உச்சத்தில் இருந்தார். இடது முழங்கையில் மூட்டழற்சி. ஊசி போட்டுக்கொண்டும் வலிமருந்து விழுங்கிக்கொண்டும் எறிந்தவர், அந்தக் கை பிற்காலத்தில் அன்றாடக் காரியத்துக்கே உதவாமல் போகக்கூடும் என்ற அச்சத்தில், அந்த நவம்பரில் முப்பது வயதிலேயே நிறுத்திவிட்டார். இரவு ஷிப்ட் தம்பி புகழ்ந்த ஓர்ட்டிஸுக்கும் பாதங்களில் தீராத வலி இருந்தது. ஓடும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரிந்திருக்கும். எண்களை மட்டும் பார்த்தால் இவர்கள் இருவரும் இன்னும் ஆடியிருக்க வேண்டியவர்கள். நம் நாட்டிலும் 2018-இல் மூக்குப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பேட்மிண்டன் வீரர் லீ சோங் வெய், ஒலிம்பிக்கில் மறுபடியும் ஆடும் ஆசையோடு திரும்பப் பார்த்து, மருத்துவர்களின் பேச்சைக் கேட்டு 2019 ஜூனில் விலகினார். இச்சிரோ விலகிய அதே ஆண்டு. ஸ்குவாஷில் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து உலக முதலிடத்தில் இருந்த நம் நிக்கல் டேவிட் விலகியதும் அந்த ஆண்டுதான்.

மருத்துவமனையில் நான் பார்ப்பவர்களில் பலர், மருத்துவர் போதும் என்று சொன்ன பிறகும் ஆறு மாதம் வேலை செய்துவிட்டு வந்தவர்கள். அந்த ஆறு மாதத்துக்காகப் பின்னால் கொடுக்கும் விலை பெரியது.

எண்கணக்கன் எழுதுகிறார்:

தாதி அக்கா சொன்னதை ஏற்கிறேன். காயத்துக்கு என் இரண்டு பருவக் கணக்கு பொருந்தாது என்று முதலிலேயே விலக்கி வைத்திருந்தேன்.

பருவத்தின் நடுவிலேயே நிறுத்தியவர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிலடெல்பியாவின் மைக் ஷ்மிட், 548 ஹோம்ரன்கள் அடித்தவர், 1989 மே 29 அன்று, .203 சராசரியில் இருந்தபோது, பேச முடியாமல் அழுதுகொண்டே விலகலை அறிவித்தார். அதன் பிறகும் ரசிகர்கள் சிறந்த ஆட்டக்காரர்களைத் திரட்டி நடத்தும் அந்த ஆண்டின் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு அவரையே மூன்றாம் பேஸுக்குத் தேர்ந்தெடுத்தார்கள்! அவர் ஆடவில்லை. ரசிகர்களின் வாக்கை நம்பி ஓர் ஆட்டக்காரர் தம் நிலையை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று கிடைக்காது, கிராணி ஐயா.

எதிர்ப்பக்கத்தில் பாரி பாண்ட்ஸ் இருக்கிறார். 2007-இல் நாற்பத்து மூன்றாம் வயதில் 28 ஹோம்ரன்கள் அடித்தார். பேஸை அடைந்த விகிதம் .480, லீக்கிலேயே முதலிடம். ஊக்கமருந்து விவகாரமும் வழக்கும் சூழ்ந்திருந்ததால் மறு ஆண்டு ஓர் அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் எப்போது விலக வேண்டும் என்ற கேள்வியை அவரிடம் யாருமே கேட்கவில்லை.

செம்பனை மண்டோர் எழுதுகிறார்:

அப்படியென்றால் நட்சத்திரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பருவம் முடிந்து வீட்டுக்குப் போகும் முன் மேலாளரைத் தனியே பார்த்து, 'சீருடையில் என் பெயர் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு எனக்கு எந்த வேலை கொடுப்பீர்கள்' என்று கேட்க வேண்டும். குட்டை மரம் என்று பதில் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். பதில் சொல்லாமல் மேலாளர் பழைய பெருமைகளைப் பேசத் தொடங்கினால் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

பழைய கிராணி எழுதுகிறார்:

கேட்கட்டும். ஆனால் ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுகள் மீதமிருக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்க எவருக்கும் வாய் வராது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் வழி இல்லாமல் இல்லை. பூஹோல்ஸின் 240 மில்லியன் ஒப்பந்தத்தோடு, ஆட்டத்தை நிறுத்திய பிறகு அதே அணிக்குப் பத்து ஆண்டுகள் வேறு பணி செய்யும் ஏற்பாடும் எழுதப்பட்டிருந்தது. கப்ரேரா 2023-இல் ஆட்டத்தை முடித்ததும் டெட்ராய்ட் அணி அவருக்குச் சிறப்பு உதவியாளர் நாற்காலி கொடுத்தது. இப்படிப்பட்ட இரண்டாம் பகுதியை முதல் நாளிலேயே, எந்த வயதில் எவ்வளவு தொகையோடு அதற்கு மாறலாம் என்ற விவரத்தோடு எழுதி வைத்தால், மீதித் தொகையின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே எழுந்து வர ஆட்டக்காரருக்கும் மனம் வரும், அணிக்கும் ஓர் இடம் மிச்சமாகும். மானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அந்தத் தாளைத் தயார் செய்துகொண்டு வரட்டும். கையெழுத்துப் போடச் சொல்லி நானே அவரிடம் பேசுகிறேன்.